இருபது நிமிஷ சர்வருக்கு எதற்குப் பூட்டு

குறை கண்டுபிடிப்பதுதான் எனக்கு வேலை. "பொறந்ததுலேர்ந்தே இவளுக்கு அதான் வேல" என்பார் என் மாமியார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்கிற பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே பிரஸ் ஓட ஆரம்பித்தால் என் மேஜையில் இருக்கிற தண்ணீர் பாட்டில் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். எழுதுகிறவர்கள் எழுதுவார்கள், அது எங்கே உடையும் என்று பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான். பதினான்கு வருஷமாக அடுத்தவர் கட்டியதை உடைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் சலிக்கவில்லை.

ஒவ்வொரு திரையையும் கையால் தட்டிப் பார்த்த காலம் போய்விட்டது. இப்போது யாராவது ஒரு வரியை மாற்றினால் போதும், சோதனை தானாக ஓடும். அதற்கென்றே ஒரு டேட்டாபேஸ் சர்வர் கிளம்பும். நோயாளிகளின் பெயர், வயது, பரிசோதனை, முடிவு எல்லாம் அதில் ஏறும். சோதனைகள் ஓடி முடிந்ததும் அந்த சர்வர் தன்னைத் தானே கலைத்துக்கொண்டு போய்விடும். விசேஷத்துக்குச் சாமியானா போட்டு, பந்தி முடிந்ததும் பிரித்து வண்டியில் ஏற்றுகிறார்களே, அந்த மாதிரி. மொத்த ஆயுசு இருபது நிமிஷம். இந்த ஏற்பாடு முழுக்க நான் எழுதியது, எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த சர்வருக்கு நான் பாஸ்வேர்டு வைக்கவில்லை. ஆபீஸில் எல்லோரும் அவரவர் லாகினில் நுழைந்து வேலை செய்கிற பெரிய மெஷின் ஒன்று இருக்கிறது. சர்வர் அதற்குள்தான் ஓடும். 'இந்த மெஷினுக்குள்ளிருந்து யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் உள்ளே விடு' என்று சொல்கிற ஒரு செட்டிங் உண்டு. அதற்குப் பெயரே 'டிரஸ்ட்', நம்பிக்கை. நான் அதைத்தான் போட்டிருந்தேன். மெஷினுக்குள் வருகிறவர்கள் பதினோரு பேர், எல்லோரும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள். ஒரு மீட்டிங்கில் யாரோ இதைப் பற்றிக் கேட்டபோது, "இருபது நிமிஷச் சாமியானாவுக்கு யாராவது பூட்டு போடுவாங்களா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

இன்னொரு தப்பும் செய்தேன். சோதனைக்குக் கற்பனைப் பெயர்களைத்தான் ஏற்ற வேண்டும். ஆரம்பத்தில் அப்படித்தான் ஏற்றினேன். ஆனால் நாம் கற்பனை செய்கிற நோயாளிகள் ரொம்ப ஒழுக்கமானவர்கள். ஒரு இனிஷியல், ஒரு பெயர், பத்து இலக்க ஃபோன் நம்பர், அவ்வளவுதான். அவர்களை வைத்துக்கொண்டு ஒன்றையும் உடைக்க முடியாது. அதனால் நிலையங்களிலிருந்து தினமும் காலையில் வந்து இறங்குகிற நிஜ நகலையே ஏற்றினேன். பெயர்களை மாற்றி மறைக்கிற நிரல் ஒன்றும் எழுதி வைத்திருந்தேன். அதை ஓட்டினால் கோணல்மாணலான பெயர்களெல்லாம் நேராகிவிடுகின்றன என்று அதையும் நிறுத்திவைத்தேன்.

கோணல்மாணல் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். எங்கள் திரையில் குறிப்பு எழுத இடம் கிடையாது. கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் இரண்டு முறை அதைக் கேட்டார்கள். தேவையில்லை என்று பதில் எழுதி மூடியது அடியேன்தான். அவர்கள் என்ன செய்வார்கள்? சொல்ல வேண்டியதையெல்லாம் பெயர்க் கட்டத்திலேயே, பெயருக்குப் பின்னால் தட்டிவிடுவார்கள். 'ஊசிக்குப் பயம் மெதுவா குத்தவும்.' 'நீலச் சட்டை, வெளியே நிக்கிறார்.' 'மாமியார் வந்தால் கொடுக்க வேண்டாம்.' பெயர் இப்படி ரயில் மாதிரி நீண்டால், ரத்தக் குப்பியில் ஒட்டுகிற லேபிளில் அது அடங்காது. அச்சிடுகிற சோதனை அந்த வரியிலேயே மாட்டிக்கொண்டு திணறும். எனக்கு அன்றைக்குத் திருவிழா.

இந்தத் திருவிழாவில் எனக்குக் கூட்டாளி ஒருவர் இருந்தார். எங்கள் ஆபீஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர். பூந்தமல்லிக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். ஆபீஸே அவரை பாய் என்றுதான் கூப்பிடும். சோதனை மாட்டிக்கொண்டு மெஷின் மூச்சு வாங்கினால், அவர்தான் அந்தத் தற்காலிக சர்வருக்குள் எட்டிப் பார்த்து எந்த வரியில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பார். நாலு மணிக்கு டீக்கடையில் கிளாஸ் கைக்கு வந்ததும் ஆரம்பிப்பார்.

"இன்னிக்கு ஒன்னு மாட்டுச்சுக்கா. கேளுங்க. 'கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லவும்'னு போட்டுக்கீறாங்க. ரிப்போர்ட்டுக்கும் முகூர்த்தம் பாக்குறாங்க போல."

எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. யாருடைய கல்யாணம், எந்த ரிப்போர்ட், அதை எந்தத் தகப்பன் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு பந்தலில் நின்றான் என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனையோ பேருடைய சர்க்கரையும் கர்ப்பமும் காமாலையும் எனக்குத் தெரியும். அவர்கள் எனக்கு மனிதர்களாக இல்லை. சோதனையை உடைக்கிற வரிகளாக இருந்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான், குளிக்கையில் இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பருத்திப்பட்டிலிருந்து அம்மா இரண்டு பையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிடுவாள். மாமியார் தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொள்ள ஆரம்பிப்பார். தெருவில் நாலு பேர் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? என் கணவர் ஒன்றும் பேசமாட்டார், அது இவை எல்லாவற்றையும்விட மோசம். ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால் போகிறபோக்கில் சொல்லிக்கொள்ளலாம். ஏதாவது இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

டாக்டர் எழுதிக்கொடுத்த இடம் நசரத்பேட்டைப் பக்கம். சனிக்கிழமை ஆபீஸில் வேலை இருக்கிறது என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். எங்கள் வீடு இருக்கிற மேனாம்பேட்டிலிருந்து அவ்வளவு தூரம் போனால் தெரிந்த முகம் எதுவும் இருக்காது என்று ஒரு நிம்மதி. உள்ளே போய் கவுண்டரில் நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பெண்ணுக்கு முன்னால் இருந்த திரை எங்களுடையது. நாங்கள் காய்ச்சலுக்கு ரத்தம் கொடுக்கப் போகிற மேனாம்பேட்டு நிலையத்துக்காரர்களே இதையும் சமீபத்தில் வாங்கியிருக்கிறார்கள். நான் ஆயிரம் முறை உடைத்துப் பார்த்த அதே பச்சைப் பட்டை, அதே பெயர்க் கட்டம்.

"ஏற்கெனவே ஒரு நம்பர் கீதே மேடம். சாரோட நம்பர். அதுக்கே போன் பண்ணட்டா?"

"வேணாம்மா. வீட்டுக்கு எதுவும் சொல்ல வேணாம். என் நம்பருக்கு மட்டும் பண்ணுங்க."

அவள் தலையாட்டிவிட்டு என் பெயருக்குப் பின்னால் நீளமாகத் தட்டினாள். எங்கே தட்டுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை காலையில் அது என் சர்வரில் வந்து ஏறும் என்பதும் தெரிந்தது. லட்சம் வரியில் ஒரு வரி, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கட்டியிலிருந்து சதை எடுக்கிற ஊசிக்குப் போய்ப் படுத்தேன். வலித்தது. சாம்பிள் சிட்டிக்குப் போக வேண்டும், முடிவு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு பாய் என் மேஜைக்கு வந்தார்.

"அக்கா, உங்க டெஸ்ட்டு தொங்கிக்கினு இருந்துச்சு. மெஷின் திணறிப்போச்சு. டெஸ்ட்ட பாதில கொன்னுட்டேன்."

வேறு நாளாக இருந்தால் எந்த வரி, என்ன எழுதியிருந்தது என்று உடனே துருவியிருப்பேன். அன்றைக்கு எனக்கு மனசே இல்லை. லேபிள் தகராறு பழைய வியாதி, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். நாலு மணிக்கு டீக்கடையில் அவர் டீயை ஊதிக்கொண்டு நின்றார். "இன்னைக்கு ஒண்ணும் மாட்டலையா பாய்?" என்று பழக்கதோஷத்தில் நானே கேட்டேன்.

"இல்லக்கா. சும்மா மெமரி பிராப்ளம்." பாட்டிலுக்குள் கைவிட்டு ஒரு பட்டர் பிஸ்கட் எடுத்து என் பக்கம் நீட்டினார்.

செவ்வாய்க்கிழமையும் தொங்கியது, புதனும் தொங்கியது. அவர் கொன்றார், நான் சரி என்றேன். ஃபோன் அடிக்கும்போதெல்லாம் யாருடைய நம்பர் என்றுகூடப் பார்க்காமல் எடுத்தேன். லோன் வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண்ணிடம் காரணமில்லாமல் கத்தினேன். டீக்கடையில் பாய் பெயர்க் கட்டத்தைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. பெரிய பெண்ணின் ஸ்கூல் வேன் லேட்டாக வருவது, டிரங்க் ரோட்டில் தோண்டிப் போட்டிருக்கிற பள்ளம், இப்படியே பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அது வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கேட்டுவிட்டார், ஐந்து நாளாக உங்கள் சோதனை மட்டும் சிவப்பாக நிற்கிறதே என்று. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சோதனை தோற்றால் அந்த சர்வரின் மிச்சத்தைக் கலைக்காமல் ஒரு ஃபோல்டரில் வைக்கும்படி எழுதியிருக்கிறேன். யார் உள்ளே வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்ற பதிவும் அதிலேயே கிடக்கும். திங்கட்கிழமை ஃபோல்டரைத் திறந்தேன். சோதனை நின்றுபோன வரியில் என் பெயர் இருந்தது. பெயருக்குப் பின்னால் 'வீட்டுக்கு எதுவும் சொல்ல வேண்டாம், மேடமிடம் மட்டும் சொல்லவும்'. பக்கத்தில் வயது, என்ன பரிசோதனை, உடம்பில் எந்த இடம், எல்லாம். முடிவு என்கிற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்கள். நான் வைத்துக்கொண்டதோடு, அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்தும் பார்த்திருக்கிறேன்.

கீழே பதிவைப் பார்த்தேன். பாயின் லாகின். திங்கட்கிழமை அவர் உள்ளே வந்ததில் நியாயம் இருக்கிறது. மெஷின் திணறியது, என்ன என்று பார்த்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஃபோல்டரைத் திறந்தேன். மறுபடியும் வந்திருந்தார். இந்த முறை எது தொங்குகிறது என்று தேடவில்லை. நேராக என் வரியை மட்டும் கேட்டிருந்தார். புதன்கிழமையும் அப்படியே, வியாழக்கிழமையும் அப்படியே, அன்று காலையிலும் அப்படியே.

உடம்பெல்லாம் எரிந்தது. தாலி கட்டிய மனிதருக்குத் தெரியாதது, பெற்றவளுக்குத் தெரியாதது, மெஷின் பார்க்கிறவருக்கு ஐந்து நாளாகத் தெரியும். அந்த பிஸ்கட் எதற்கு என்று இப்போது புரிந்தது. மேனேஜரிடம் போய்ச் சொல்லலாமா என்றால், என்ன விவரத்தைப் பார்த்தார் என்று கேட்பார். நிஜ நகல் அங்கே எப்படி வந்தது என்று கேட்பார். கதவைத் திறந்து போட்டது யார் என்று கேட்பார். தேள் கொட்டின திருடன் மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கல்யாண வரி ஞாபகத்துக்கு வந்தது. சர்வருக்கு ஆயுசு இருபது நிமிஷம்தான், சரி. அதில் படித்த வரியை நான் எத்தனை மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன், எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்! பாய் என்னுடையதை யாரிடமும் சொல்லிச் சிரிக்கவில்லை என்பது மட்டும் எனக்கு எப்படியோ தெரிந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததால் கோபம் குறையவில்லை, இன்னும் ஏறியது.

மதியச் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல், வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டதைச் செய்தேன். முதலில், பெயர்களை மறைக்காமல் எந்த நகலும் சர்வருக்குள் ஏறக் கூடாது என்று மாற்றினேன். கோணல் வேண்டுமென்றால் கோணலான பெயர்களை நானே உட்கார்ந்து கற்பனை செய்துகொள்கிறேன். அடுத்தது கதவு. பாஸ்வேர்டு மட்டும் வைத்தால் அதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும், எழுதி வைத்ததை யாராவது படித்துவிடுவார்கள். அதனால் நெட்வொர்க் வழியாக வருகிற வாசலையே அடைத்துவிட்டேன். சோதனை தொடங்கும்போது ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாகும். சோதனையை ஓட்டுகிற லாகினைத் தவிர வேறு யாரும் அதற்குள் போக முடியாது. சர்வரின் ஒரே வாசல் அந்த ஃபோல்டருக்குள் இருக்கும். சோதனை தொங்கினால் அரை மணியில் சர்வர் தானாகச் சாகும். பழைய ஃபோல்டர்களையெல்லாம் அழித்தேன். மொத்தம் பதினைந்து வரி மாற்றம். இதற்கா இத்தனை வருஷம் என்று எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

மெஷின் முழுவதற்குமான சாவி பாயிடம் இருக்கிறது. அவர் நினைத்தால் இதையும் திறக்கலாம். திறந்து பார்க்கட்டும், அன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை டீக்கடைக்குப் போகவே கூடாது என்று இருந்தேன். நாலு மணிக்குக் கால் தானாகப் போய்விட்டது. பாய் தனியாக நின்றிருந்தார். டீ வரும்வரை இரண்டு பேரும் எதிரில் நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கதவ மூடிட்டீங்கக்கா," என்றார்.

"ஆமா. தொறந்து வெச்சது தப்பு."

"தப்புதான். சாவி எங்கிட்ட கீது. ஆனா மூடின கதவ நான் தொறக்கறது மொற இல்ல." டீயை ஊதினார். குடிக்கவில்லை. "அதான் வாயத் தொறந்து கேக்குறேன். ரிசல்ட்டு வந்துச்சாக்கா?"

சனி ஞாயிறு முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "தினம் எதுக்குப் பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அந்தக் கட்டம் ரொம்பிச்சான்னு பாக்கத்தான். ஊட்டாண்ட சொல்லலன்னு அதுலயே எழுதிக்கீது. உங்க மூஞ்சியும் சரியில்ல. கேக்க தைரியம் இல்லக்கா. போய்ப் பாத்துக்கறது ஈசியா இருந்துச்சு." கிளாஸை பெஞ்சில் வைத்தார். "தப்பு பண்ட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அவர் செய்தது தப்பு. இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு வேறு ஒன்றும் தெரிந்தது. அந்தக் காலிக் கட்டத்தை நான் எவ்வளவு பயந்து பயந்து நினைத்துக்கொண்டிருந்தேனோ, அதே அளவுக்கு இன்னொரு ஆளும் தினமும் காலையில் பயந்துகொண்டே எட்டிப் பார்த்திருக்கிறார். கோபம் அப்படியேதான் இருந்தது.

"இன்னும் வரல," என்றேன்.

"பயமா கீதா?"

அந்த ஒன்பது நாளில் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. யாரும் கேட்க முடியாதபடி செய்து வைத்திருந்தது நான்தான். "ஆமா பாய். ரொம்பப் பயமா இருக்கு," என்றேன். டீ விரலில் கொட்டிச் சுட்டது. அவர் கிளாஸை வாங்கி வைத்துவிட்டு, "ஊட்ல சொல்லுங்கக்கா," என்றார். "எங்கிட்ட சொன்னத அவராண்ட சொல்லுங்க."

முடிவு மறுநாள் வந்தது. வெறும் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை காட்டினால் போதும் என்றார்கள். ஆனால் அது வருவதற்கு முன்னால் அந்தத் திங்கட்கிழமைச் சாயங்காலம் இருந்தது.

நான் வீட்டுக்குப் போனபோது என் கணவர் மாடியிலிருந்து எடுத்து வந்த துணிகளை ஹாலில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார். மாமியார் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி, டாக்டர், நசரத்பேட்டை, ஊசி, ஆபீஸ் என்று சொன்ன பொய். பாதி மடித்த சட்டையோடு அவர் கை அப்படியே நின்றது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஆபீஸ்ல பாய்க்கு. நான் சொல்லலீங்க. அவரே கம்ப்யூட்டர்ல பாத்துட்டாரு. இன்னைக்கு வந்து கேட்டாரு."

"கேட்டதும் சொல்லிட்ட?"

"சொல்லிட்டேன்."

சட்டையை முழுசாக மடித்து மற்றதோடு அடுக்கினார். அடுத்த துணியை எடுக்கவில்லை. "அப்போ நானும் கேட்டிருக்கணும்," என்றார்.

"உங்களுக்கு என்னங்க தெரியும், கேக்கறதுக்கு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"ஒம்போது நாளா நீ இடது பக்கம் திரும்பிப் படுக்கல. இன்னிக்காவது திரும்புறியான்னு தெனம் பாத்துக்கினுதான் படுத்திருந்தேன்."